சம்பந்தி சட்டைப் பையில் இருக்கும் மெரூன் பேனா

கணபதி போஸ்ட்,
18-6-1995

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெரோம் அவர்களுக்கு,

பிரான்சிஸ் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையில் நான் நலம். என் பேனாக்கள் நலமில்லை. தாங்களும் சம்பந்தியம்மாவும் என் மகள் பொற்கொடியும் சூலூரில் சுகமென்று நம்புகிறேன்.

என் பேனாக்களெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. ஈஸ்டருக்கு வந்த தாங்கள்தான், "பொட்டிக்குள்ள பூட்டி வெச்சா ஆருக்குங்க தெரியும்? மேசை மேல நாலு பேரு பாக்கற மாதிரி அடுக்கி வெய்யுங்க" என்றீர்கள். நானும் தச்சரைப் பிடித்து, வரிசையாகப் பள்ளம் வெட்டிய தேக்கு ஸ்டாண்டு செய்து, நீல வெல்வெட் ஒட்டி, ஜன்னலோர மேசையில் வைத்தேன். முதலில் பார்க்க வந்தவரும் தாங்களே. மெரூன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கையெழுத்துப் போட்டுப் பார்த்து, "பேனான்னா இதல்லவுங்க பேனா" என்றீர்கள். வந்தவர் ஒன்றைப் பாராட்டினால், "எடுத்துக்கங்க" என்று சொல்வது நம் பக்கத்து மரியாதை; நானும் சொன்னேன். "அட, இருக்கட்டுமுங்க" என்று வைத்துவிட்டுப் போவதும் மரியாதைதான். தாங்கள் பாதி மரியாதையோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டீர்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேனாவைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

அதைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கோயில் உபதேசியார் பச்சையைப் பாராட்டினார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கறுப்பைப் பாராட்டினார், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டரையே பார்க்கவில்லை. இப்போது ஸ்டாண்டு பல் போன வாயாட்டம் கிடக்கிறது. நேற்று ஒருவர் ஸ்டாண்டையே பாராட்டினார்.

மற்றவை போகட்டும். அந்த மெரூன் பேனா, நான் மில்லில் நிரந்தரமானபோது என் வீட்டுக்காரி சூசையம்மாள் கோழிகளை விற்று வாங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவள், உள்ளங்கையில் கோடு இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினாளாம். தாங்களும் அப்படியே செய்தபோது அவள் ஞாபகம் வந்து, என்ன சொல்கிறோமென்று தெரியாமல் சொல்லிப்போட்டேன். அவள் போனபிறகு எனக்கு மிஞ்சியது அதுதான். தாங்களோ அதில் எழுதுவதுகூட இல்லையாம். "மாமா பாக்கெட்டுல குத்திக்கறதோட சரிங்கப்பா" என்கிறாள் பொற்கொடி. வயிறு எரிகிறது.

இதைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு நஞ்சுண்டனிடம் அந்தப் பேனாவைக் கொடுத்தனுப்பவும். இல்லையென்றால் இனி என் வாசப்படி ஏற வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிரான்சிஸ்

பி.கு.: நஞ்சுண்டனிடம் பேனாவைக் கொடுக்க வேண்டாம். விஷயத்தைச் சொன்னதும், "கோழி வித்து வாங்குன பேனாங்களா? நெனச்சாலே ஆசையா இருக்குதுங்க" என்றார். "அதுக்கென்னுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். ஆகையால் அது தங்களிடமே இருக்கட்டும். வாரம் ஒருமுறையாவது அதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் நிப் அடைத்துக்கொள்ளும். இத்துடன் வரும் பொட்டலத்தில் மை பாட்டில் இருக்கிறது. என்ன பொட்டலமென்று நஞ்சுண்டன் கேட்டார். பேதி மருந்து என்றேன். அதை மட்டும் அவர் பாராட்டவில்லை.