ரீச்சருக்கு முதுகு காட்டியவர்

ஸ்காபரோ முழுவதிலும் எலிவேற்றரில் ஏறவே ஏறாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எலிவேற்றர் திருத்துகிறவர். பதினெட்டாம் மாடியில் பிறந்தநாள் விழா என்றாலும் பரிசுப் பொதியைத் தூக்கிக்கொண்டு படியேறி, கேக் வெட்டி முடிந்த பிறகு வியர்த்து வடிய வந்து சேருவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "நான் அதின்ர உள்பக்கத்தைக் கண்டனான்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கேட்ட நாங்கள்தான் வீடு திரும்பும்போது எலிவேற்றருக்குள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கிழமை நாட்களில் அந்த வேலை. சனிக்கிழமை காலையில் அவர் எங்கள் தமிழ் வகுப்புகளின் பொறுப்பாளர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து அறைகளை எங்களுக்குச் சனிக்கிழமைகளில் தருவார்கள். பிள்ளைகள், பெற்றோர், பள்ளிக்கூடக் காவலாளி, எல்லோருக்கும் அவர் எலிவேற்றர் மாஸ்ரர்தான். சொந்தப் பெயர் ஏதாவது படிவத்தில் இருந்திருக்கும்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் படிப்பித்தவள். முறையாகப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவள். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து கிழமை நாட்களில் மருந்துக்கடையில் குளிசைகளைப் போத்தலில் அடைத்தாலும், சனிக்கிழமை சேலை உடுத்திவிட்டால் நான் ரீச்சர். என்னைவிட எட்டு வயது குறைந்த, ஒரு நாளும் வகுப்பு எடுத்தறியாத ஒருவர் எனக்குப் படிப்பித்தலைப் பற்றிச் சொல்ல வந்தால் எப்படி இருக்கும்?

வகுப்பைப் பார்க்க வருகிற அதிகாரிகளை ஊரில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். பின்வாங்கில் இருந்து, கொட்டாவி விட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அப்படியில்லை. பாலர் வகுப்புக் கதிரை ஒன்றை இழுத்து வந்து, நான் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் முன்னால் போட்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காருவார். அதாவது எனக்கு முதுகு. கதிரை சின்னது, மனிதர் பெரியவர், முழங்கால் இரண்டும் காதைத் தொடும். அந்தக் கோலத்தில் அசையாமல் இருந்து ஒரு தாளில் ஏதோ கீறுவார்.

முதல் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நான் இஞ்சால நிக்கிறன்" என்றேன்.

"தெரியும் அக்கா. உங்களைப் பாத்து என்ன செய்யிறது? படிக்க வந்தது பிள்ளையள்" என்றார், திரும்பாமலே.

இது கூடப் பரவாயில்லை. வகுப்பு முடிந்த பிறகு இருக்கிறதே, அதுதான் பெரும் கொடுமை. ஆசிரியர்கள் ஐந்து பேரும் இருபது நிமிடம் நிற்க வேண்டும். பால் விடாத பிளேன்ரீ அவர் தருவார், கடித்துக்கொள்ள றோல்ஸ் அவர் வாங்கி வருவார். வட்டமாக இருக்கவைத்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார். "இண்டைக்கு எது பிழைச்சது?"

எது நன்றாக நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எலிவேற்றர் வேலைக்குப் போனால் அன்று பழுதாக இருந்தது எது என்று எழுதிவிட்டு வர வேண்டுமாம். ஒழுங்காக ஓடுவதைப் பற்றி எழுதி யாருக்கு என்ன பிரயோசனம் என்பார்.

சனிக்கிழமை மதியம் ஆருக்கு ஆறுதலாக இருந்து பிழை சொல்ல நேரம்? ஒருவருக்கு யூனியன்வில்லில் பூப்புனித நீராட்டு விழா, இன்னொருவருக்குக் கார் ரயர் மாற்ற வேண்டும். ஆகவே நாங்கள் பிழைகளைத் தயாரித்துக்கொண்டு வரத் தொடங்கினோம். ஊரில் படிப்பித்த காலத்தில் பாடக்குறிப்பு எழுதிய அதே கவனத்தோடு, காலையில் காரை ஓட்டும்போதே அன்றைய பிழையை யோசித்து வைத்துவிடுவேன்.

"பலகையில எழுதிற மாக்கர் காய்ஞ்சு போச்சு" என்பேன் நான்.

"உது மாக்கரின்ர பிழை. உங்கட பிழை என்ன?"

சென்னையிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வித்யா நல்ல கெட்டிக்காரி. "சார், டைம் மேனேஜ்மென்ட்ல கொஞ்சம் மிஸ் பண்ணிட்டேன்" என்று அழகாகச் சொல்வாள். கேட்கவே அலுவலகக் கூட்டம் மாதிரி இருக்கும். ஒருநாள் வித்யாவும் நானும் ஒரே பிழையைச் சொல்லிவிட்டோம். மாஸ்ரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கினதோ?" என்று கேட்டுவிட்டு றோல்ஸ் தட்டை நீட்டினார். அவரே முதலில் தன் பிழையைச் சொல்லித்தான் வட்டத்தைத் தொடங்குவார். அதை நாங்கள் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

என் வகுப்பில் ஆரணி என்று ஒன்பது வயதுப் பிள்ளை. செப்ரெம்பரில் சேர்ந்தவள். பெப்ரவரி வரைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவளுடைய தாய் வாசலில் என்னை மறித்தார்.

"ரீச்சர், வீட்டிலயும் இவ தமிழ் கதைக்கிறா இல்லை. இஞ்சயும் இல்லையெண்டு நீங்களே றிப்போட்டில எழுதியிருக்கிறியள். ஏன் பிள்ளையை வதைப்பான்? இந்த மாசத்தோட நிப்பாட்டிப்போட்டு நீச்சலுக்கு விடப்போறன்."

"ஓம், சில பிள்ளையளுக்கு வராதுதான்" என்றேன் நான். ஆரணி தாயின் குளிர்ச்சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைய வட்டத்தில் எனக்குத் தயாரித்த பிழை தேவைப்படவில்லை. "ஒரு பிள்ளை வகுப்பை விட்டு நிக்கப்போகுது. அவவுக்கு ஆர்வமில்லை" என்றேன்.

"உது பிள்ளையின்ர பிழை. உங்கட..."

"என்னட்டை ஒரு பிழையுமில்லை, தம்பி. வேணுமெண்டால் வந்து பாருங்கோ" என்று பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். சின்னக் கதிரை, முழங்கால், முதுகு. நான் வாழ்நாளிலேயே அன்றுபோல் படிப்பித்ததில்லை. படம் காட்டினேன், கதை சொன்னேன், கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன். முடிந்ததும் அவர் தாளை என் கையில் தந்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

பிள்ளைகளின் பனிச்சப்பாத்துகள் ஈரம் சொட்டும் நடைக்கூடத்தில் நின்று தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். நான் கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. முன்வரிசையில் கவினுக்கும் அவன் தங்கைக்கும் விளக்குமாற்று ஈர்க்குப் போலக் கோடுகள். அவர்களுடைய தகப்பனும் நானும் கோயில் சிநேகிதம். நடுவில் ஆங்காங்கே ஒன்று இரண்டு. ஆரணியின் கட்டத்தில் ஒரு கோடும் இல்லை. ஆனால் கட்டம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

உள்ளே போய், "இது என்ன புள்ளி?" என்று கேட்டேன்.

"அது அந்தப் பிள்ளை வாய் அசைச்ச நேரங்கள், அக்கா. நீங்கள் மற்றவையைக் கேட்ட கேள்வியளுக்கு அவ தனக்குள்ள மறுமொழி சொன்னவ. சத்தமில்லாமல். பதினொரு தரம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒக்ரோபரில் ஒரு தடவை அவளிடம் கேட்டதும், அவள் கண் கலங்கியதும், பாவம், இனிக் கேட்டு வருத்தக்கூடாது என்று நான் முடிவெடுத்ததும் ஞாபகம் வந்தது. அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். மற்றவர்கள் றோல்ஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "என்ர பிழை, நான் அந்தப் பிள்ளையைக் கேக்கவேயில்லை. கேக்காமலே கதைக்கமாட்டா எண்டு றிப்போட்டில எழுதினனான்" என்றேன்.

பிறகு வித்யா மெதுவாகச் சொன்னாள். "நான் போன மாசம் ஒரு பையனைக் கிண்டல் பண்ணிட்டேன், சார். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அவன் வரவே இல்லை." அன்று இருபது நிமிடம் ஒரு மணித்தியாலமானது. வீட்டுக்குப் போக யாரும் அவசரப்படவில்லை.

மாஸ்ரர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். "வாற சனி கேளுங்கோ. கேட்டிட்டுப் பத்து எண்ணுங்கோ. எலிவேற்றர் பொத்தானைச் சனம் திரும்பத் திரும்ப அமத்தும். அதுக்காக அது கெதியா வாறேல்லை."

அடுத்த வகுப்பில் ஆரணியின் சப்பாத்து நனைந்திருந்தது. "ஆரணி, சப்பாத்து எப்பிடி நனைஞ்சது?" என்று கேட்டுவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி விரல்களை எண்ணினேன். மூன்றில் கவின் கை உயர்த்தி, "ரீச்சர், ஐ நோ, ஐ நோ" என்றான். பொறு என்று கண்ணைக் காட்டினேன். ஆறு வரும்போது கேள்வியைத் திருப்பிக் கேட்க நாக்குத் துடித்தது. பதினான்கு வருடப் பழக்கம். அடக்கிக்கொண்டேன்.

எட்டில் அவள் சொன்னாள். "ஸ்னோவுக்குள்ள ஓடினனான்." கொஞ்சம் பொறுத்து, "அப்பா ஏசினவர்" என்றாள். பிறகு, "அவரும் ஓடினவர்" என்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். நான் பலகையை அழிக்கிற சாட்டில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

மாதக் கடைசியில் தாய் மறுபடி வாசலில் நின்றார். "நீச்சலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திட்டன், ரீச்சர். இவ இதை விடமாட்டாவாம்."

அந்த வருடம் யூன் மாதத்தில் மாஸ்ரருக்குத் தொலைவிலுள்ள எட்மன்ரனுக்கு வேலை மாறியது. கடைசி வட்டத்தில் ஆளுக்காள் பேசினார்கள், கேக் வெட்டினோம். அவர் வழக்கம்போல் தன் பிழையைச் சொல்ல எழும்பினார். அன்றுதான் முதல் தடவையாக எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம்.

"அந்தப் பிள்ளை வாய் அசைக்கிறதை நான் நவம்பரிலயே கதவுக் கண்ணாடிக்குள்ளால கண்டனான். அக்கா பயிற்றப்பட்ட ரீச்சர், நான் போல்ற் முறுக்கிறவன், சொன்னால் கோவிப்பா எண்டு பேசாமல் இருந்திட்டன். மூண்டு மாசம். பிள்ளை நிண்டு போயிருந்தால் அது என்ர பிழைதான்."

அவர் அதைத் தன் பிழை என்றார். ஒரு மனிதர் மூன்று மாதம் வாய் திறக்கப் பயப்படும்படி நான் நடந்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்ல எழும்பினேன். அதற்குள் யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

இப்போது நான்தான் பொறுப்பாளர். சின்னக் கதிரையில் எனக்கும் முழங்கால் வலிக்கிறது. சனிக்கிழமைகளில் பிளேன்ரீ ஊற்றி, என் பிழையை முதலில் சொல்லித்தான் வட்டத்தைத் தொடங்குகிறேன். போன சனி நான் சொன்ன பிழையை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று, அவர் என் பக்கத்தில் முதுகு காட்டிக்கொண்டு இருந்த நாட்களில் ஒரு தடவைகூட நான் அவரிடம் சொல்லவில்லை.