என் முதுகுவலி நோட்டு

என் முதுகைத் தொடாமலே என் முதுகைக் குணப்படுத்துகிறேன் என்று எவர் வந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

டிக்கெட் கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து சம்பாதித்த வலி இது. பொய் வலி இல்லை. தேவைப்படும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். பிசியோ அம்மா கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அரை மணி நேரம் நான் ராஜா. அந்த அம்மாவே திடீரென்று கட்சி மாறிவிட்டார்.

"பொரிச்சது வேணாம். சர்க்கரை வேணாம். ஒரு மாசம் பார்ப்போம்."

"வலி முதுகுலம்மா. வாய் என்ன பண்ணுச்சு?"

"வாய் தின்னதை எல்லாம் முதுகுதானே சுமக்குது?"

ஒரு நோட்டையும் கொடுத்தார். என்ன சாப்பிட்டேன், என்ன செய்துகொண்டிருந்தேன், வலி பத்துக்கு எத்தனை. அப்போதைக்கப்போதே நேரம் போட்டு எழுத வேண்டுமாம்.

வெளியே பெஞ்சில் கழுத்துப்பட்டையோடு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷக் கழுத்துவலி. வலிக்காரர்களில் எனக்கு சீனியர்.

"எனக்கும் சொன்னாங்க சார். மூணு மாசம் பச்சைக்காயா மென்னேன். கழுத்து அப்படியே இருக்கு. இப்ப தாடையும் வலிக்குது."

"அந்தம்மா கட்டைவிரல்?"

"சொர்க்கம் சார். வீட்டு வாசல் வரைக்கும் தாங்கும்."

அந்தப் பெஞ்சிலேயே என் திட்டம் பிறந்தது. நோட்டில் வேகவைத்த காய். வயிற்றில் பொரித்த கிழங்கு. வலி மட்டும் எந்நாளும் ஒன்பது. மாசக் கடைசியில் பத்தியம் மண்ணைக் கவ்வும். என் முதுகுக்கு இன்னும் ஒரு மாசம் கட்டைவிரல்!

எழுதுகிற வேலையை மனைவியிடம் தள்ளினேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். இப்படி ஒரு கிளார்க் யாருக்குக் கிடைப்பாள்?

"என்னங்க சாப்பிட்டீங்க?"

"வேகவச்ச காய்."

"உதட்டுல எண்ணெய் மின்னுதே."

"அது வேர்வை. எழுது."

"எழுதிட்டேங்க. வலி?"

"ஒன்பது."

"இப்பதானே சிரிச்சீங்க?"

"வலியில சிரிச்சேன். எழுது."

எழுதினாள். "குழந்தையைக் கொஞ்சம் பிடிங்களேன், பேனா மூடியைக் காணோம்."

"ஐயோ, பத்து!" என்று அலறினேன்.

அதையும் எழுதினாள்.

பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மட்டும் போட்டேன். படிக்கவில்லை. ஆபீஸ் பழக்கம். நீட்டினால் போட்டுவிடுவேன்.

மாசக் கடைசியில் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளும் வந்தாள். நான் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நுழைந்தேன்.

"பத்தியம் படுதோல்விம்மா. நோட்டைப் பாருங்க."

பிசியோ அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"திங்கள் காலை ஏழு. தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னேன். ஒன்பது. ஏழேகால். நண்பர் வண்டியோடு வந்து கூப்பிட்டார். பூஜ்யம்."

கதவு திறந்திருந்தது. பெஞ்சில் தையல்காரர் திரும்ப முடியாத கழுத்தைத் திருப்பப் பார்த்தார்.

"புதன் மாலை ஆறு. குழந்தை அழுதது. பத்து. ஆறேகால். குழந்தை தூங்கிவிட்டது. இரண்டு."

"அம்மா, போதும்..."

"ஞாயிறு. பக்கத்து வீட்டுக்காரர், உங்களை மாதிரி பலசாலி இந்தத் தெருவிலேயே இல்லை என்றார். உடனே இவர் அவருடைய இரும்பு அலமாரியை மாடிக்கு ஏற்றினார். வலி எத்தனை என்று கேட்டேன். 'எனக்கா வலி?' என்றார். சாப்பாடு, வேகவைத்த காய். சட்டைப்பையில் இருந்தது, கிழங்கு மடித்த எண்ணெய்க் காகிதம், மூன்று."

கீழே என் கையெழுத்து. வால் சுழித்து, அழகாக.

"பத்தியம் தோத்துப்போச்சுன்னு சொல்ல முடியாதுங்க," என்றார் பிசியோ அம்மா. "அதை நீங்க ஆரம்பிக்கவே இல்லையே! அலமாரி தூக்குற முதுகுக்கு இனி என் கை எதுக்கு? காலையிலயும் சாயங்காலமும் குழந்தையைத் தூக்கிட்டு நிமிர்ந்து நடங்க. அதான் மருந்து."

நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, முதல் பக்கம் முத்து முத்தா இருக்கு. கடைசியில ஏன் எழுத்து இப்படிக் கோணிப்போச்சு?"

மனைவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். தரையைப் பார்த்தாள்.

"மணிக்கட்டு வலிங்க. எட்டு மாசமா."

"சொல்லவே இல்லையே?"

"எங்க வீட்டுல வலின்னா அவருடையதுதாங்க."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நோட்டில் அதற்கு இடம் இல்லையே.

"குழந்தையை அவர்கிட்ட கொடுத்துட்டு இப்படி உட்காரும்மா," என்றார் பிசியோ அம்மா. என் அரை மணி நேரம். என் கட்டைவிரல். எல்லாம் அவள் மணிக்கட்டுக்குப் போயின.

நான் பெஞ்சுக்கு வந்தேன். குழந்தை என் காதைப் பிடித்து இழுத்தது.

"நிமிர்ந்து நில்லுங்க சார்," என்றார் தையல்காரர். "அந்தம்மா பார்க்குறாங்க."

அரை மணி கழித்து மனைவி கையைச் சுழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். குழந்தையை நீட்டினேன். வாங்கவில்லை. நோட்டை என் கக்கத்தில் செருகினாள்.

"இனிமே என் வலியை நீங்க எழுதுங்க. கையெழுத்து நான் போடுறேன்," என்றாள். "படிச்சுப் பார்த்துட்டு."