நான் கண்டுபிடித்த தெருவிளக்கு

எதைக் கண்டுபிடித்தாலும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. தாய்மாமா ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தால் ஒரு மாதம். இது எனக்குப் புரிந்தபோது என் முகம் பத்தடி அகலத்தில் கடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். புராஜெக்டுக்கு எனக்கு வாய்த்தது ஒரு மங்கலான நட்சத்திரம். எங்கோ மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில், மெல்லிய மேகத்தின் ஊடாக யாரோ எடுத்த படம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விரித்த அந்தப் படத்தில் நட்சத்திரம் என்பது குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய கோடு, அதுவும் அங்கங்கே அறுந்த கோடு. மீதியெல்லாம் வானத்தின் வெளிச்சம். மென்பொருளை வைத்து அந்த வானத்தைக் கழித்துவிட்டு, நட்சத்திரத்தின் நிறமாலையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். தேறினால் ஆராய்ச்சி, தேறாவிட்டால் பி.எட். என்று அப்பாவுடன் ஒப்பந்தம். (விண்ணப்பத்தை அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.)

வேறு நல்ல படம் தருகிறேன் என்று கைடு மேடமே சொல்லிப் பார்த்தார். எனக்குத் திறமை சுமார்தான், பிடிவாதம் ஜாஸ்தி. முடியாது என்றுவிட்டேன்.

அந்த மென்பொருள் கேள்வியாகக் கேட்கும். எது நட்சத்திரம்? எந்த இடத்தை வானம் என்று எடுத்துக்கொள்வது? முதல் கேள்வியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். இரண்டாவதற்கு என்டர் தட்டினேன். (அதுவே ஒரு பதிலைப் போட்டு வைத்திருக்கும்போது நான் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும்?)

நாற்பத்தோராவது முயற்சியில் மஞ்சள் பகுதியில் கோபுரம் மாதிரி ஒன்று எழும்பியது. சோடியத்தின் இடம் அது. இந்த வகை நட்சத்திரத்துக்கு அங்கே பள்ளம்தான் இருக்க வேண்டும். யாரும் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். மேடம் ஊரில் இல்லாததால் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தன் தம்பியிடம் சொன்னார். வைவா அன்று காலை ஃப்ளெக்ஸ் எழுந்துவிட்டது: "விண்வெளியை வென்ற எங்கள் குலவிளக்கே!" கீழே மாமாவின் கடை முகவரி.

வைவாவுக்கு வந்த தேர்வாளர் புதுச்சேரிக்காரர். கடலூரில் பஸ் மாறி வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தது என்னைத்தானா என்று விசாரித்தார். பெருமையாகத் தலையாட்டினேன். அவர் மூலப் படத்தைத் திறக்கச் சொல்லி, மஞ்சள் பகுதியில் செங்குத்தாக நின்ற வெளிச்சத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நட்சத்திரத்தோடதுன்னா அந்தக் கோட்டுமேல மட்டும்தான இருக்கணும்? மேலேருந்து கீழ வரைக்கும் நிக்குதே. வானத்த எங்கேருந்தும்மா எடுத்தீங்க?"

பார்த்தேன். என்டர் தட்டி நான் ஒப்புக்கொண்ட 'வானம்', வெளிச்சமே விழாத படத்தின் ஓரத்தில் இருந்தது. வெறும் இருட்டைக் கழித்திருக்கிறேன்.

"மலையடிவாரத்துல ஊர் இருக்குல்ல, அங்க எரியிற சோடியம் லைட்டு. மேகத்துல பட்டுத் திரும்பியிருக்கு. இது தெருவெளக்கும்மா" என்றார் அமைதியாக.

அப்பாவின் பி.எட். விண்ணப்பம் கண்முன் வந்து நின்றது. ஆனால் மூன்று வாரமாக அறுந்த கோட்டை ஒட்டவைத்தவள் நான்.

"சார், நீங்க சாப்ட்டுட்டு வாங்க. அதுக்குள்ள திரும்ப எடுத்துக் காட்டுறேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் சாப்பிடப் போனார். நான் சாப்பிடவில்லை. நட்சத்திரக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல வானத்தைக் குறித்து, இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் சொன்னேன். கோபுரம் இருந்த சுவடே இல்லை. அந்த இடத்தில் கரடுமுரடாக ஒரு சின்னப் பள்ளம், எல்லாப் புத்தகத்திலும் இருப்பது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் கோபுரத்துக்குக்கூடப் பட்டதில்லை. திரும்பி வந்தவர் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்குத்தான் மார்க் என்றார்.

தேறினேன். இன்றும் வானத்தைக் கழிப்பதுதான் என் பிழைப்பு. விளக்குப் போடும் நேரத்தில் தெருவிளக்கு எரிந்தால், உன் ஆள் வந்துவிட்டார் என்று அப்பா இன்றும் குரல் கொடுக்கிறார்.

மாமா மட்டும் என்னைக் கேலி செய்ததில்லை. போன வருடம் அவர் தெருவில் பழைய சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். அன்று போன் செய்தார்.

"ஒன் நட்சத்திரத்த எல்லாம் கழட்டிக்கிட்டுப் போறாங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிட்டேன்."

அது இப்போது அவர் கடை வாசலில் தொங்குகிறது. எரியாது. அதன் கீழே சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ்: என் பெயர், எம்.எஸ்சி.