நான் கஞ்சி போட்ட கஸ்டம்ஸ் சாம்பிள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கலந்து கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பக்கத்து வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு சீரகம் கலந்திருந்தால், அவர்களைக் கேட்காமலே பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வருவேன். இது ரொம்ப நல்ல குணம் என்றுதான் அறுபத்திரண்டு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அப்படி நினைக்க முடியாமல் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் நிதானமாகத்தான் எழுதுகிறேன், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் மண்ணூர்பேட்டையில் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங்கில் இருந்தவள். கடைசி ஒன்பது வருஷம் தலைவி. (தலைவி என்று கம்பெனியில் யாரும் பேர் கொடுக்கவில்லை. ஆனால் நான் போகிற வரைக்கும் யாரும் டேப் ஒட்ட மாட்டார்கள்.) இந்த ஆரோக்கியம் கட்டின பெட்டி எந்த ஊரிலிருந்தும் திரும்பி வந்தது கிடையாது. அங்கே எங்களுக்கு ஒரே ஒரு வேதம்தான்: சரக்கு வந்தால் முதலில் இனம் பிரி, பிரித்ததைக் கட்டு, மிச்சம் பேச்செல்லாம் அப்புறம்.

அந்தக் கம்பெனி மூடிய பிறகு, அதே தெருவில் கவிதா என்கிற பெண் விளையாட்டுச் சாமான் வியாபாரம் ஆரம்பித்தாள். என் மகன் வயதுதான் இருக்கும். என்னைப் பெரிம்மா என்பாள். பேக்கிங்கை என்னிடம் கொடுத்தாள். நான் பழைய கம்பெனிப் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு வருஷம் உள்ளூர்ச் சரக்கை வாங்கி விற்றவள், முதல் தடவையாகத் தன் பேரில் வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்கினாள். பேட்மிண்டன் செட். ஒரு பைக்குள்ளே இரண்டு பேட், மூன்று பூப்பந்து, மணிக்கட்டில் மாட்டுகிற பட்டை இரண்டு, வேர்வை துடைக்க ஒரு சின்ன டவல். சரக்கு திருமழிசைப் பக்கம் ஒரு கிடங்கில் வந்து இறங்கியிருந்தது. கஸ்டம்ஸ் ஆபீசர் பார்த்து, இது இன்ன வகைப் பொருள் என்று எண் போட்டு, அந்த எண்ணுக்குத் தக்க வரி கட்டினால்தான் வெளியே வரும். ஆபீசர் சாம்பிளும் கேட்டிருந்தார். முன்னாடியே கூரியரில் வந்த நாலு செட் எங்களிடம் இருந்தது.

கவிதா போக வேண்டியது. பாவம், மழையில் மாடிப்படியில் வழுக்கி முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிம்மா, சனிக்கிழமைக்குள்ள சரக்கு வெளிய வரலன்னா கடைக்காரர் ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. அப்புறம் நான் இதை இழுத்து மூடிட்டு எங்கயாவது வேலைக்குத்தான் போவணும். சாம்பிளை அப்படியே எடுத்துனு போய்க் காட்டிடு. ஒண்ணும் பண்ணாதே."

"நான் பாத்துக்கறேன் கண்ணு" என்றேன்.

இவள் மூடினால் ஐந்து பெண்களுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். அதனால் பொறுப்போடுதான் அந்த நாலு பையையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். திறந்தால், சாமி, என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேட் கம்பிக்குள் பூப்பந்து சிக்கிக் கிடக்கிறது. டவல் சுருண்டு கிடக்கிறது, ரப்பர் நாற்றம் வேறு. இதையா ஒரு ஆபீசர் முன்னால் வைப்பது? கவிதா ஒண்ணும் பண்ணாதே என்றது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டுப் பேட்டையும் சணல் போட்டு ஒரே கட்டாகக் கட்டினேன். பன்னிரண்டு பூப்பந்தையும் ஒன்றுக்குள் ஒன்று சொருகி ஒரு கவரில் போட்டேன். பட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். டவல் நாலையும் துவைத்துக் காய வைத்து, கொஞ்சம் கஞ்சியும் போட்டேன். (கொஞ்சம் என்பது என் கணக்கு. மறுநாள் அந்த டவல்களை நிற்க வைத்தால் நின்றன.) பை நாலையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து வைத்தேன். மேலே இருந்த பை நல்ல உறுதியாக இருந்தது. சும்மா எதற்குக் காலியாக எடுத்துப் போவது என்று, என் எலுமிச்சைச் சாத டப்பா, பிரஷர் மாத்திரை, ஜெபமாலை மூன்றையும் அதில் போட்டுக்கொண்டேன்.

கரையான்சாவடியில், எங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலையெல்லாம் பார்த்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜெண்டின் ஆள் பாபு பைக்கோடு நின்றான். என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தான்.

"இன்னா ஆயா இது? வண்ணாரு மாதிரி மூட்டை கட்டிகினு வந்துகீறே?"

(ஆயாவாம். அவனுக்கே நாற்பத்தைந்து இருக்கும், தொப்பை தனி.)

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்ல? அதை மட்டும் பாரு" என்றேன். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினான். கலைத்துவிடுவான் என்று நான் விடவில்லை.

கிடங்கில் ஆபீசர் ஒரு பெண் என்றதும் பாதி வேலை முடிந்தது என்று முடிவு கட்டினேன். ஒரு பெண்ணுக்குத்தானே சுத்தத்தின் அருமை தெரியும்? மேசைமேல் ஒவ்வொரு கட்டாகப் பரப்பினேன். பாராட்டு வருமென்று முகத்தைக் கொஞ்சம் அடக்கமாகவும் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஒரு டவலை எடுத்தார். அது அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பேப்பர்ல செட்டுன்னு போட்டிருக்கு. இதெல்லாம் தனித்தனியா இருக்கே?"

"ஆமா மேடம், எல்லாம் சுத்தமா இனம் பிரிச்சது" என்றேன்.

பாபு பின்னால் இருமினான். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"இந்த டவலைத் தனியா விப்பீங்களா?"

"ஏன் விக்காம? அருமையான டவல் மேடம். அடுப்படிக்கும் ஆகும். பையைப் பாருங்க, ஸ்கூலுக்கு ஆகும், மார்க்கெட்டுக்கு ஆகும்…"

அவர் அந்தப் பையைத் திறந்தார். முதலில் சாத டப்பா வந்தது. பிறகு மாத்திரை. கடைசியாக ஜெபமாலை. மூன்றையும் என் டவல்களுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"இதுவும் செட்ல வருதாம்மா?"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை, எழுத ஆரம்பித்தார். பாபு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"குடியைக் கெடுத்தியே ஆயா! பேட்டு, பந்து, டவலு, பையி எல்லாம் ஒரே வேலைக்கு, ஒரே பையில, கடையில பிரிக்காம அப்டியே விக்கிற மாதிரி வந்தாத்தான் அது செட்டு. அப்போ முக்கியமான சாமான் இன்னா? பேட்டு. முழு செட்டுக்கும் பேட்டோட எண்ணு ஒண்ணே போதும். பிரிச்சு வந்தா டவலுக்குத் துணி எண்ணு, பைக்குப் பை எண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. பேப்பர்ல ஒண்ணு, கண்ணுக்கு எதிர்ல ஒண்ணுன்னு ஆச்சுன்னா கேசு மேல போவும். ஒரு மாசம் சரக்கு இங்கயே கெடக்கும்."

"சனிக்கிழமை?"

"எந்த மாசத்து சனிக்கிழமை?"

மாவுக்கட்டோடு படுத்திருந்த கவிதாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. என் பெருமைக்கு அந்தப் பெண்ணின் வியாபாரத்தைக் காவு கொடுத்துவிட்டேனே! வாழ்க்கையில் நான் கட்டின கட்டுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

திரும்ப உள்ளே போய் அந்த அம்மா முன்னால் நின்றேன்.

"மேடம், தப்பு என்னுது. எங்க பொண்ணு பேப்பர்ல பொய் எழுதல. அப்படியே எடுத்துனு போன்னு சொல்லித்தான் அனுப்புச்சு. எனக்குத்தான் கை அடங்கல, பிரிச்சுட்டேன். இந்த மூட்டையைப் பாத்து எழுதாதீங்க. உள்ள வந்து எறங்கின பெட்டி அப்படியே இருக்கு. அதுல என் கையே படல. எந்தப் பெட்டின்னு நீங்களே காட்டுங்க, தொறக்கட்டும்."

"பெட்டியை எப்படியும் திறந்துதான் பாப்போம்" என்றார் அவர். பேனாவை மூடினார். "கஞ்சி கூடவா போட்டீங்க?"

"கொஞ்சமா போட்டேன் மேடம்."

எழுந்து நடந்தார். அடுக்கின் அடியிலிருந்து மூன்றாவது பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒவ்வொரு பையும் கண்ணாடிக் கவரில் ஒட்டினபடியே, விளையாடுகிற படம் போட்ட அட்டையோடு இருந்தது. ஒன்றைக் கிழித்து ஜிப்பைத் திறந்தார். இரண்டு பேட், மூன்று பந்து, பட்டை, டவல், எல்லாம் இருந்தன. ஆனால் இருந்த லட்சணம்! பட்டை பேட் கைப்பிடியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. டவலின் ஒரு முனை ஜிப்பில் மாட்டியிருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை. என் வலது கை தானாகவே அந்த டவலை நோக்கிப் போனது. பாபு பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, கை வைக்காதீங்க!" என்றார் ஆபீசர். இந்தத் தடவை அவருக்கும் உதடு துடித்தது.

இன்னும் இரண்டு பெட்டி திறந்தார்கள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாப் பையும் ஒரே மாதிரி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொண்டார். "இதை எடுத்துட்டு ரெண்டு பேர் நேரா விளையாடப் போகலாம். செட்டுதான்" என்றார். என் சாத டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்து, "நேரமாச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்று அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் பேட்டின் எண்ணே எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. சனிக்கிழமை காலை லாரி மண்ணூர்பேட்டைக்குள் நுழைந்தபோது, கவிதா ஆட்டோவில் மாவுக்கட்டோடு வந்து வாசலில் நின்றாள். பாபு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், அதுவும் நடித்துக் காட்டி. அவள் என்னைத் திட்டுவாள் என்று தலை குனிந்து நின்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கால் வலி எடுத்துவிட்டது. இப்போது வருஷத்துக்கு நாலு தடவை சரக்கு இறக்குகிறாள். பெண்கள் பதினோரு பேர் ஆகிவிட்டோம். சாம்பிள் வந்தால் மட்டும் எனக்குச் சொல்ல மாட்டார்கள், மறுநாள்தான் தெரியும்.

வீட்டில் இன்னும் மோசம். இட்லியையும் சாம்பாரையும் கொண்டுவந்து வைத்தால்கூட, "செட்டா, தனித்தனியா?" என்று கேட்டுத்தான் என் மருமகள் மேரி பரிமாறுவாள். போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாணம். கிளம்புகிற நேரத்தில் மகனுக்கும் அவளுக்கும் ஏதோ வாய்த் தகராறு. நான் பைக்கில் போகிறேன், நீ அம்மாவோடு பஸ்ஸில் வா என்று அவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். நான் மாமியாராச்சே, நடுவில் பேசாமல் நின்றேன். மேரி பட்டுப்புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அத்தே, உங்க புள்ளையைக் கேளுங்க. இன்னைக்கு நாங்க செட்டா, தனித்தனியா?"

அவன் விறைப்பாகவே பைக்கில் ஏறி உட்கார்ந்தான். அப்புறம் வண்டியை முறுக்கிக்கொண்டு சொன்னான்:

"செட்டுதான், ஏறு. யம்மா, நீ மட்டும் இதுல கை வெக்காத!"