உயிருள்ள மூன்று மரங்கள் தேவை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது, உயிரோடு இருக்கிறோம். அங்கே அத்தானின் முட்டிவலியும் என்மேல் உனக்குள்ள கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன மாதமே எழுதியிருப்பேன், கையிலிருந்து மண் போனால்தானே!

முன்னறையைத் தையல்கடை ஆக்கப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அடுப்புக்கும் மிஷினுக்கும் நடுவே நாற்காலியைத் திருப்பித் திருப்பியே இருபத்திரண்டு வருஷமாக இடுப்பொடிந்தவள் நான். கதவு வைத்தாயிற்று, கண்ணாடி போட்டாயிற்று, பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்று. உரிமம் கேட்டு நகராட்சிக்கு மனுப் போட்டால், ஒரு ஆய்வாளர் பெண் டேப்பும் கையுமாக வந்து வாசலில் நின்று, "மரம் எங்கங்க?" என்கிறாள். மரம் எப்படி இருக்கும்? இலை விழுந்தால் பெருக்க வேண்டியிருக்கிறதென்று, இவர் ஓய்வு பெற்ற மறுவாரமே சுவரிலிருந்து தெருவரைக்கும் எறும்பு வீடு கட்டக்கூட இடம் விடாமல் சிமென்ட் பூசிவிட்டாரே! கடை நடக்கிற கட்டடமென்றால் தெருவோரம் நாலடி அகலத்துக்கு மண் இருக்க வேண்டுமாம். அதில் ஆறடிக்குக் குறையாத மரம் மூன்று, மூன்றடிக்கு மேல் போகாத வேலிச்செடி, மிச்சமெல்லாம் புல். முப்பது நாள் கெடு.

"பச்சையா இருக்கணும், அவ்வளவுதானே? எங்கிட்ட விடு" என்றார் இவர். விட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது? மறுநாளே பிளாஸ்டிக் புல்லைப் பாய்போல் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து விரித்தார். அதன்மேல் மூன்று தொட்டியில் துணி இலை மரங்கள். அந்தப் பெண் குனிந்து ஒரு இலையைத் திருப்பினாள். பின்னால் விலைச்சீட்டு தொங்கியது.

"சார், உயிருள்ளதா இருக்கணும்னு சொன்னேனே."

"உயிரோடதாம்மா இருக்கு. காலையிலகூட தண்ணி ஊத்தினேன்."

"அப்போ இது என்ன சார், பூவா காயா?"

அந்த ரோஷத்தில் கடப்பாரையை எடுத்தார். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால் கேட்டால்தானே! "நான் போட்ட சிமென்ட். எங்க உடைக்கணும்னு எனக்குத் தெரியாதா?" மூன்றாவது குத்தில் குடிநீர்க் குழாய்! எதிர்வீட்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. இரண்டு நாள் எங்கள் தெருவில் என்னைப் பார்த்து முறைக்காதவரும் இல்லை, குளித்தவரும் இல்லை.

ஒருவழியாக மண் கிடைத்தது. நர்சரிக்காரர், "அண்ணே, வேர் பிடிச்சா சரசரன்னு ஏறிடும்" என்று கொடுத்த மரங்களை அளந்தால் ஐந்தரை அடி. இவர் மூளை சும்மா இருக்குமா? மண்ணை அரையடி மேடாக்கி மரத்தை நட்டார். அதே மேட்டில் வேலிச்செடியையும் வைத்தார். அந்தப் பெண் மரத்தை அடித்தண்டிலிருந்து அளந்தாள்: ஐந்தரை. வேலியைத் தெருவிலிருந்து அளந்தாள்: மூன்றரை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. "அதென்னம்மா, மரத்துக்கு இல்லாத மேடு வேலிக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்று இவர் குதிக்க, "ரூல்ஸ் அப்படித்தான் சார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் படியில் உட்கார்ந்து, "என்னாலதானே உன் கடை நிக்குது" என்றார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இவர் வாயிலிருந்து 'என்னால' என்ற சொல்லை நான் கேட்டதேயில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு நான் துணி வெட்டும் கத்தரியை எடுத்து வேலியை அரையடி குறைத்தேன். இவர் மரங்களை வேரோடு எடுத்துக்கொண்டு போய், நர்சரிக்காரரோடு மல்லுக்கட்டி, ஏழடி மரங்களாக மாற்றிவந்தார். தள்ளுவண்டியில் அவற்றைக் கட்டியணைத்தபடி வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்தபோதுகூட அவ்வளவு பத்திரமாகக் கூட்டிவரவில்லை. ஒரு வாரம் கழித்து, "ஏய், இங்க ஓடி வா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். என்னவோ ஏதோவென்று ஓடினேன். ஒரு துளிர். நகம் அளவுதான் இருக்கும்.

நேற்று உரிமம் கைக்கு வந்துவிட்டது அக்கா. திங்கட்கிழமை கடை திறப்பு. நீதான் ரிப்பன் வெட்ட வேண்டும்; கோபத்தையெல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டு வந்துசேர்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
பாசத்துக்கு எந்தக் குறையும் வைக்காத தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது சாலைத் துறையிலிருந்து ஓலை வந்திருக்கிறது. நடைபாதை போடத் தெருவோரம் நாலடி வேண்டுமாம். மரம் செடிகளை ஏழு நாளில் அகற்ற வேண்டுமாம். ஆய்வாளர் பெண்ணுக்கு போன் போட்டேன். "அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க. ஆனா மரத்தை எடுத்தா உரிமம் ரத்து" என்கிறாள். ஆகவே திங்கட்கிழமை வராதே. இன்றைக்கே கிளம்பி வா. இவர் நடு மரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, "வெட்டுறதுன்னா என்னையும் சேர்த்து வெட்டட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறார். தனியாக விட மனம் வராமல், மிஷினை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.