பீலித் தண்ணீரும் ஊசி வைத்த கிருமிகளும்

நம் தேயிலைத் தோட்டத்து மேப்பிரிவு அம்மன் திருவிழாக் கமிட்டிச் செயலாளரும், என் தங்கை விஜயலெட்சுமி பெற்ற மூத்த மகனுமாகிய ஜெயகுமாருக்கு,

பதுளையில் ஓர் ஆஸ்பத்திரி வாட்டில், ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்திருக்கும் உன் தாய்மாமன் தம்பையா எழுதுவது. அங்கே எல்லோருடைய வயிறும் சுகமாக இருக்குமென நம்புகிறேன். அந்தச் சுகம் வரும் ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவைத் தாண்டியும் நிலைக்க வேண்டும் என்பதற்கே இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாய். ஆகையால் உன் அத்தை கையில் கொடுத்தனுப்புகிறேன். இனி நான் சொல்லப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்கிறேன்.

போன ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில், பானகத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமா என்று நீ மெதுவாகக் கேட்டாயே, அப்போது தலைவர் என்ற முறையில் நான் எழுந்து, மலையிலிருந்து நம் லயத்து வீட்டு வரிசைக்குக் குழாய் வழி வந்து விழும் பீலித் தண்ணீர் அம்மனுடையது, அடுப்பைக் கண்ட தண்ணீரை ஆத்தா தொடமாட்டாள், பல்வலியோடு வந்த சிறுத்தையொன்று இதைக் குடித்துவிட்டு என்னைக் கும்பிட்டுப் போனதைக் கண்ணால் கண்டவன் நான் என்றெல்லாம் முழங்கி, மூன்று நாள் மழைக்குப் பிறகு சாயத் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்த அந்தப் பீலியில் ஒரு செம்பு பிடித்து, எல்லோர் முன்னிலும் மடமடவென்று குடித்தேன். நீயும் சேர்ந்துதான் கை தட்டினாய். பச்சைத் தண்ணீரிலேயே பானகம் என்று முடிவாயிற்று. அதே மழையில் மேல் லயத்துக் கக்கூஸ் குழி நிரம்பி வழிந்ததை ஒருவரும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரே பகலில் அறுபத்துமூன்று முறை ஓடினேன். நான் வரும் சத்தம் கேட்டுத் தேயிலைச் செடிகளே ஒதுங்கி வழிவிட்டன. காரணம், காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற மாதிரி, என் குடலுக்குள் கிருமிகள் பெரட்டு வைத்திருந்தன. கோடிக்கணக்கில் வரிசையாக நின்று பேர் கொடுத்தன. கறுப்புக் கோட்டுப் போட்ட கங்காணிக் கிருமி ஒன்று, "நீ மேக்குடலுக்குப் போ, நீ கீழ்க்குடலுக்குப் போ, ஒரு செடி விடாம பாருங்க" என்று ஆள் பிரித்து அனுப்பியது. குடலில் இருக்கும் உயிரணுக்கள் நம் லயத்து வீட்டுக் காம்பராக்கள் மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கிருமி கதவை உடைக்காது, தட்டவும் தட்டாது. அதன் உடம்பிலேயே ஊசி இருக்கிறது. தலைமயிரைப் பத்தாயிரமாய்க் கிழித்தால் வரும் தடிப்பு. அதைச் சுவரில் குத்திச் சில புரதங்களை உள்ளே அனுப்பும். அவை உள்ளே போய் வீட்டாள் மாதிரியே பேசும்: "என்னங்க, வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சிக்கிட்டு." உடனே வீட்டுச் சுவரே உதடு மாதிரி நீண்டு, கிருமியைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அது தின்று பெருகி, நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போகும்.

இந்த விஷயத்தை எனக்குக் காகிதத்தில் படமாகக் கீறிக் காட்டியவர் வாட்டு டொக்டர் ஸிஹாமா.

"ஐயா, எத்தின செம்பு குடிச்சீங்க?"

"ஒண்ணுதாங்க. ஆனா எட்டு லயத்துக்கும் தெரியிற மாதிரி குடிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க தப்பிட்டீங்க. சின்னப் புள்ளையொண்டு குடிச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பானகத்தின் முதல் டம்ளரை லயத்திலேயே மிகச் சின்னக் குழந்தைக்குக் கொடுப்பது நம் வழக்கம். இந்த வருஷம் அது உன் மகள் மதுஷா. ஒன்றரை வயது. ஆகவே தலைவர் என்ற முறையில் என் தீர்ப்பை நானே ரத்துச் செய்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வை. ஆத்தா கோபித்தால் என் பேரைச் சொல். என்னிடம் அவள் ஏற்கெனவே வந்து போய்விட்டாள்.

உன் அத்தை ரெங்கம்மா தலைமாட்டில் நின்று இதைப் படித்துவிட்டு, "சிறுத்தையக் கும்பிட வச்ச மனுசன் சொல்றத இனி எவன் நம்புவான்" என்கிறாள். எனக்கும் அந்தப் பயம்தான்.

கொதித்து ஆறிய தண்ணீர் போல நீங்கள் எல்லோரும் கெடாமல் இருக்க வாழ்த்தும்,
மாமா தம்பையா.

பின்குறிப்பு: உன் அத்தை சொல்படி திருத்துகிறேன். அறுபத்துமூன்று அல்ல, பதினொன்று. தேயிலைச் செடி எதுவும் ஒதுங்கவில்லை. குடலில் பெரட்டு இல்லை, கங்காணியும் இல்லை, கோட்டும் இல்லை. சிறுத்தைக்குப் பல்வலி இல்லை, சிறுத்தையே இல்லை. அந்த ஊசி மட்டும் இருக்கு, மாப்ளே.