மே மாதம் வரை பிரிக்கக் கூடாத பிள்ளைகள்

ரேவன்ஷா,
8 பிப்ரவரி 1908

மரியாதைக்குரிய அக்னஸ் சித்திக்கு, ஹெட்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் சளி என்னைவிட நலம். சித்தப்பாவும் கோழிகளும் எப்படி இருக்கிறார்கள்?

நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் வேலையில் நிலைப்பாளா என்று தெருவே கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புதுச் சட்டப்படி பள்ளிப் பிள்ளைகளை டாக்டர் வந்து பார்க்க வேண்டுமாம். என் வகுப்பிலிருந்து தொடக்கம். "டாக்டர் ஒரு நெஞ்சைக்கூடப் பாக்காம திரும்பிப் போனார்னா, ஈஸ்டருக்கப்புறம் நீ வேற வேலை தேடிக்கம்மா" என்று தலைமையாசிரியை மிஸ் த்வெய்ட் சொல்லிவிட்டார். "சரி மேடம்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் மெல்லர் வந்தார், ஃப்ளோரி ஹோல்ட்டைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார், மேல்சட்டை வந்தது, உள்ளே இருந்த ஃபிளானல் கம்பளிச்சட்டை வரவில்லை, ஏனென்றால் அது கழுத்திலிருந்து இடுப்புவரை அவள் மேலேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது, அதற்குள் பழுப்புக் காகிதம், அதற்கும் உள்ளே வாத்துக் கொழுப்பு. அடுத்த பிள்ளையும் அப்படியே. குளிர் நெஞ்சில் இறங்கிவிடக் கூடாதென்று நாற்பத்திரண்டு பேரும் நவம்பரிலேயே பொட்டலமாகியிருந்தார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "காகிதம் சரசரங்குது. நெஞ்சு கேக்கல" என்றார். கத்திரிக்கோல் கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்துத் தொலைத்தேன்.

முதல் தையல் விட்டதும் ஃப்ளோரி போட்ட கூச்சல், சாப்பாட்டுக்கு மில்லிலிருந்து வெளியே வந்த தாய்மார்கள் காதில் விழுந்துவிட்டது. மரச்செருப்புச் சத்தம் படியேறியது. முன்னால் ஃப்ளோரியின் அம்மா பெர்த்தா.

"ஏம்மா டீச்சர், படிச்ச பொண்ணுதானே நீ? மே மாசத்துக்கு முன்னாடி பிரிச்சா புள்ள தாங்குமா?"

"அம்மா, இது சர்க்கார் சட்டம்" என்றார் டாக்டர்.

"சர்க்காரா தைச்சுது? நான் தைச்சேன்!"

டாக்டர் பையை மூடத் தொடங்கினார். வாசலில் மிஸ் த்வெய்ட் என்னையே பார்த்தார். நான் உலக வரைபடத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் வேலை போவது அங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது. "பிரிச்சவரே திருப்பித் தைச்சுக் குடுத்தா?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

பெர்த்தா யோசித்தாள். "இதே தையல்தான் வேணும். எட்டி எட்டிப் போட்டு ஏமாத்தக் கூடாது."

எத்தனையோ வயிறு தைத்த டாக்டர் ஊசியில் நூல் கோத்தார். தாய்மார்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"என்ன டாக்டரே, வயித்த அடைச்சுத் தைக்கிற கிறிஸ்துமஸ் வாத்தா இது? நெருக்கிப் போடுங்க!"

"விடுடி, ஆம்பளைக் கைக்கு இதுவே ஜாஸ்தி."

மாலைக்குள் பதினொரு நெஞ்சு கேட்டார், பதினொரு பேரைத் தைத்தார். கொழுப்பு வழுக்கிப் பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. "மிச்சத்த மே மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ் த்வெய்ட் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்த இருபதாம் நூற்றாண்டிலும் இப்படி ஓர் அறியாமையா, சித்தி? படித்தவள் என்ற முறையில் இந்தத் தாய்மார்களுக்கு நான் சுகாதார வகுப்பு எடுக்கப்போகிறேன். ஆண்டவர் உங்களையும் சித்தப்பாவையும் கோழிகளையும் காக்கட்டும்.

பணிவுள்ள
ஹெட்டி

பி.கு.: மிஸ் த்வெய்ட் இப்போதுதான் சீட்டு அனுப்பினார். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், வருகிற வெள்ளிக்கிழமை ஆசிரியைகளும் டாக்டரிடம் நெஞ்சைக் காட்ட வேண்டுமாம். சித்தி, வியாழனுக்குள் கத்திரிக்கோலோடு வந்துவிடுங்கள். நவம்பரில் என் முதுகுப் பக்கம் நீங்கள் போட்ட முடிச்சு எனக்கு எட்டவில்லை. ஊசியும் நூலும் மறக்க வேண்டாம். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.